மீண்டும் நிலவை நோக்கி மனிதப் பயணம்: 2040 இலக்கும் பெங்களூருவின் பங்கும்

பெங்களூரு: அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், நிலவை நோக்கிய மனிதப் பயணம் மீண்டும் உலகின் பேசுபொருளாகியுள்ளது. அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் இதற்கு முதன்மைக் காரணம். 2040-ஆம் ஆண்டுக்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்ப வேண்டும் என்ற இலக்கை இந்தியாவும் 2023 அக்டோபரில் அறிவித்துள்ளது. இந்த இலக்கை எட்டுவதற்கான பணிகளில் பெரும்பகுதி பெங்களூருவை மையமாகக் கொண்டே நடைபெறுகிறது.

ஜோகுபாளையத்துக்கு அருகே உருவான சந்திரயான்

தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அல்சூரை ஒட்டி அமைந்துள்ளது ஜோகுபாளையம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம் உள்ளது. இஸ்ரோவின் சந்திரயான் விண்கலங்கள் இந்த மையத்தின் பொறுப்பில்தான் உருவாக்கப்பட்டன.

சந்திரயான்-1 திட்டத்தை மயில்சாமி அண்ணாதுரையும், சந்திரயான்-2 திட்டத்தை மு.வனிதாவும், சந்திரயான்-3 திட்டத்தை விழுப்புரத்தைச் சேர்ந்த ப.வீரமுத்துவேலும் திட்ட இயக்குநர்களாக வழிநடத்தினர். நிலவின் மேற்பரப்பைப் போன்ற சோதனைத் தளத்தை அமைப்பதற்கான மண், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இருந்து பெங்களூருவுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்குள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதே அதற்குக் காரணம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்கு அருகே தரையிறங்கியது. அந்தத் தருணத்தில் இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்துக்கொண்டிருந்தனர். அந்த நாள் இப்போது தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆர்ட்டெமிஸ் திட்டம் என்ன?

1968 முதல் 1972 வரை அப்போலோ திட்டத்தின் கீழ் 24 பேர் நிலவு வரை சென்றனர். அவர்களில் 12 பேர் மட்டுமே நிலவில் கால் பதித்தனர். 1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணத்துடன் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

ஆர்ட்டெமிஸ் அதன் தொடர்ச்சி. 2022 நவம்பரில் தொடங்கிய ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் ஓரியன் விண்கலம் ஆளின்றி நிலவைச் சுற்றி வந்து பூமிக்குத் திரும்பியது. ஆர்ட்டெமிஸ் 2 என்பது மனிதர்களைச் சுமந்து, நிலவில் இறங்காமல் அதைச் சுற்றித் திரும்பும் சுமார் 10 நாள் பயணம். இதற்கான குழு 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் ரீட் வைஸ்மேன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோச், கனடாவின் ஜெரமி ஹேன்சன் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். விண்வெளி ஆய்வில் அமைதியான ஒத்துழைப்பை வலியுறுத்தும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூன் மாதம் இந்தியா கையெழுத்திட்டது.

மனிதரை அனுப்புவது ஏன் கடினம்?

சர்வதேச விண்வெளி நிலையம் பூமியிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் உள்ளது. நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. விண்வெளி நிலையத்தில் இருப்பவர் ஆபத்து நேர்ந்தால் சில மணி நேரத்தில் பூமிக்குத் திரும்ப முடியும். நிலவுக்குச் சென்றவர் திரும்புவதற்கு நாள்கணக்கில் ஆகும். பூமியின் காந்தப்புலம் தரும் பாதுகாப்பும் அங்கே இருக்காது.

திரும்பும் வேகமும் வேறுபடும். தாழ்வட்டப் பாதையிலிருந்து திரும்பும் கலம் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்தை நெருங்கும். நிலவிலிருந்து திரும்பும் கலத்தின் வேகம் சுமார் 40,000 கி.மீ. இதனால் வெப்பக் கவசத்தின் மீதான சுமை பன்மடங்கு கூடுகிறது. ஆர்ட்டெமிஸ் 1 திரும்பியபோது அதன் கவசத்தின் கருகிய பகுதிகள் எதிர்பாராத வகையில் பெயர்ந்திருந்தன. அதன் காரணத்தைக் கண்டறியும் ஆய்வு நீண்டது. ஆர்ட்டெமிஸ் 2 தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியா எங்கே நிற்கிறது?

நிலவுக்கு முன், சொந்தக் கலத்தில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பித் திரும்ப அழைத்துவர இந்தியா கற்றுக்கொள்ள வேண்டும். ககன்யான் திட்டத்தின் நோக்கம் அதுவே. இதற்கான மனித விண்வெளிப் பயண மையம் 2019 ஜனவரியில் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. வீரர்களுக்கான மருத்துவத் தேர்வு, இதே பழைய விமான நிலையச் சாலையில் உள்ள இந்திய விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் நடைபெற்றது.

ககன்யானுக்காகத் தேர்வான நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் வெளியிடப்பட்டன. பிரசாந்த் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகியோரே அவர்கள். இவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த முதல் இந்தியரானார். 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்று 41 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த பயணம் அது.

அடுத்த தேவை, கனரக ராக்கெட். சந்திரயான்-3 விண்கலத்தின் எடை சுமார் 3,900 கிலோ. எல்.வி.எம்.3 ராக்கெட் அதைப் பூமியின் சுற்றுப்பாதையில் விட்ட பின், பாதையைப் படிப்படியாக உயர்த்தியே நிலவுக்கு அனுப்ப முடிந்தது. புறப்பட்டது முதல் தரையிறங்கியது வரை 40 நாள் ஆனது. மனிதரை ஏற்றிச் செல்லும் கலம் பல மடங்கு எடை கொண்டது. பயணமும் சில நாட்களில் முடிய வேண்டும். இதனால்தான் தாழ்வட்டப் பாதைக்கு 30 டன் வரை சுமக்கும் அடுத்த தலைமுறை ராக்கெட்டை உருவாக்க, 2024 செப்டம்பரில் ரூ.8,240 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிலவிலிருந்து மண் மாதிரியைக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கும் அதே நாளில் அனுமதி கிடைத்தது.

விண்வெளியில் இரு கலங்களை இணைக்கும் திறன் இன்னொரு படி. ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் மூலம் 2025 ஜனவரி 16 அன்று இந்தியா அதைச் செய்துகாட்டியது. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைப்பதும் இந்தப் பாதையில் ஒரு படியாகவே கருதப்படுகிறது.

தாமதம் தோல்வி அல்ல

மக்கள் ஆர்வம் விண்வெளித் திட்டங்களுக்குப் பலம். அது வடியும்போது திட்டங்களும் தடுமாறும் என்பதற்கு அப்போலோவே சான்று. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியதற்கு மறு ஆண்டான 1970-இலேயே, செலவுக் குறைப்பால் அப்போலோ 18, 19, 20 பயணங்கள் கைவிடப்பட்டன. அதற்குள் பொதுமக்களின் ஆர்வமும் குறைந்திருந்தது.

மறுபுறம், அவசரத்தின் விலை இன்னும் பெரிது. 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்தின் தரைச் சோதனையில் ஏற்பட்ட தீ மூன்று வீரர்களைப் பலிகொண்டது.

இந்தியாவின் அனுபவமும் பொறுமையின் பக்கமே நிற்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் தரையிறங்கும் தருவாயில் தொடர்பை இழந்தது. அதன் பாடங்களே சந்திரயான்-3 வெற்றிக்கு அடித்தளமாயின. ஆபத்து நேர்ந்தால் வீரர்களைக் காக்கும் தப்பிப்பு அமைப்பை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்தபோது, ஏவுதலுக்கு 5 விநாடிகளுக்கு முன் கணினி எண்ணிக்கையை நிறுத்தியது. கோளாறு கண்டறியப்பட்டு, அன்று காலை 10 மணிக்கு நடந்த ஏவுதல் வெற்றி பெற்றது. சுக்லாவின் பயணமும் திரவ ஆக்சிஜன் கசிவு உள்ளிட்ட காரணங்களால் பலமுறை ஒத்திவைக்கப்பட்ட பின்னரே நிகழ்ந்தது.

2040-க்கு முன் இத்தகைய ஒத்திவைப்புச் செய்திகள் இன்னும் பல வரக்கூடும். ஆளில்லாக் கலம் விழுந்து நொறுங்கினால் மீண்டும் ஒன்றைக் கட்டலாம். மனித உயிருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2023 ஆகஸ்ட் மாலையில் இந்தியா காட்டிய ஆர்வம் இந்தக் காத்திருப்புக் காலத்திலும் நீடிப்பதே, நிலவில் இந்தியரின் காலடி பதிவதற்கு மக்கள் தரக்கூடிய பங்களிப்பாக இருக்கும்.