பட்டாணி மாவில் பிறந்த மேகி

மேகி என்றால் நமக்கு மஞ்சள் உறை, சுருள் சுருளான நூடுல்ஸ், இரண்டு நிமிடம். அது ஒரு மாவு மில் முதலாளியின் குடும்பப் பெயர். இந்தியாவில் அந்த நூடுல்ஸ் விற்பனைக்கு வந்தபோது அவர் இறந்து சுமார் எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் உலகத்துக்குக் கொடுக்க நினைத்தது வேறொன்று. நம் வீட்டுப் பருப்புப் பொடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று அதைச் சொல்லலாம்.

ஜூலியஸ் மேகி 1846இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ராவென்ஃபெல்டில் பிறந்தார். அப்பா இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து வந்து குடியேறியவர். சுவிஸ்காரர்கள் இந்தப் பெயரை இன்றும் இத்தாலிய வாடையோடு ‘மாஜி’ என்றே சொல்கிறார்கள். சூரிக்குக்கும் வின்டர்தூருக்கும் நடுவில் கெம்ப்தால் என்ற சிற்றூர். அங்கிருந்த மாவு மில் 1869இல் ஜூலியஸ் கைக்கு வந்தது. காலம் சரியில்லை. ரயிலேறி வந்த அயல்நாட்டு மாவு, உள்ளூர் மில்களை ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டிருந்தது.

அன்றைய சுவிட்சர்லாந்தைப் பால், சாக்லேட், பனிமலை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அது நெசவாலைகளின் நாடு. ஆலைகளில் பாதிக் கூட்டம் பெண்கள். 1877இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 11 மணி என்று ‘குறைத்தது’ என்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்! குடும்பம் நடத்தும் பெண்களை மதிய இடைவேளைக்கு அரை மணி முன்னதாக விட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஓய்வெடுப்பதற்காக அல்ல, வீட்டுக்கு ஓடி அடுப்பு மூட்டுவதற்காக. அந்த அவகாசத்தில் என்ன சமைக்க முடியும்? உருளைக்கிழங்கு, காப்பி என்ற பெயரில் ஏதோ ஒரு கஷாயம், பக்கத்தில் மலிவுச் சாராயம்.

ஃப்ரிடோலின் ஷூலர் என்ற மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளராகவும் இருந்தார். ஆலைத் தொழிலாளர்கள் சத்தில்லாமல் நலிவதை அவர் நேரிலேயே பார்த்தவர். 1882இல் சுவிட்சர்லாந்தின் பொதுநலச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். இறைச்சிக்குக் காசில்லாதவனுக்குப் பயறு வகைதான் வழி என்றார். நமக்கு இது பாட்டி சொல்லும் செய்தி. ஆனால் பட்டாணியும் அவரையும் வேக நேரமெடுக்கும், அந்தப் பெண்களிடம் இல்லாததும் அதுதான்.

சங்கம் தேடிய ஆள் மேகி. பயறுகளை முன்கூட்டியே பக்குவப்படுத்தி, அரைத்து, கொதிநீரில் சட்டென்று கரைந்து வேகும் மாவாக்க அவர் வருடக்கணக்கில் மெனக்கெட்டார். 1884இல் மாவு வெளிவந்தது. சங்கமே அதற்குப் பரிந்துரை செய்தது. சத்து இருந்தது, அவசரத்துக்கும் உதவியது. ஆனாலும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. நாக்குக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேகி துவளவில்லை. 1886இல் பட்டாணி, அவரை மாவிலேயே உடனடி சூப் போட்டார். அதே ஆண்டில் ஒரு கறுப்புத் திரவத்தையும் இறக்கினார். தாவரப் புரதத்தைச் சிதைத்து, இறைச்சிச் சாறு போல மணக்கும்படி செய்த சுவையூட்டி அது. சப்பென்ற சூப்பில் நாலு சொட்டு விட்டால் போதும். பழுப்புக் குப்பி, மஞ்சள்-சிவப்பு லேபிள் என்று வடிவமைத்தவரும் மேகியேதான். விளம்பரம் எழுத ஓர் இளைஞரைச் சம்பளத்துக்கு வைத்தார். பின்னாளில் ‘வசந்தத்தின் விழிப்பு’ நாடகத்தால் ஐரோப்பாவை முகம் சுளிக்கவைத்த ஃப்ராங்க் வேடகிண்ட்தான் அவர். சில மாதம் சூப்புக்கு வரி எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தக் குப்பி ஜெர்மனியை எப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரே சாட்சி போதும். அங்கே லவேஜ் என்ற கீரையை மக்கள் ‘மேகிச் செடி’ என்கிறார்கள். இரண்டின் வாசனையும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் மேகிச் சாற்றில் அந்தக் கீரை கிடையாது! 1908இல் சூப்புக் கட்டி வந்தது. பாரிஸ் சுவர்களெல்லாம் அதன் விளம்பரம். 1912இல் பிக்காசோ வரைந்த ஓவியத்திலும் அந்தக் கட்டி இடம்பிடித்தது. மேகி இறந்ததும் அதே ஆண்டில்தான்.

1947இல் நிறுவனம் நெஸ்லேயோடு இணைந்தது. கட்டி மேற்கு ஆப்பிரிக்கக் குழம்புகளுக்குள் போயிற்று, நூடுல்ஸ் மலேசியாவில் ‘மேகி மீ’ ஆனது. 1980களின் தொடக்கத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கும் வந்தது. சத்துக்காகத் தொடங்கிய தேடலில் சுவைதான் பிழைத்தது என்பது என் கணிப்பு. அந்தப் பெண்களுக்காக அரைத்த மாவை இன்று யார் கேட்கிறார்கள்?

கெம்ப்தாலில் மேகி ஆலை இருந்த வளாகத்தில் 2019 முதல் ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. உணவுக்குச் சுவையும் மணமும் தயாரித்து விற்கும் ஜீவோடான் நிறுவனத்துடையது அது.