அரசாணையை நம்பியவர்கள்

1839 நவம்பர் 3 அன்று இஸ்தான்புல்லின் குல்ஹானே தோட்டத்தில் ஓர் அரசாணை உரக்க வாசிக்கப்பட்டது. வாசித்தவர் உதுமானியப் பேரரசின் வெளியுறவு அமைச்சர் முஸ்தபா ரெஷித் பாஷா. சுல்தான் அப்துல் மஜீதுக்கு அப்போது 16 வயது. எகிப்தின் ஆளுநர் முகமது அலியின் படையிடம் நிசிப்பில் தோற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஐரோப்பிய அரசுகளின் தயவு தேவைப்பட்டது. உயிருக்கும் மானத்துக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு, விசாரணையில்லாமல் தண்டனையில்லை, எல்லா மதத்தாருக்கும் இது பொருந்தும் என்றது ஆணை. நெருக்கடியில் பிறந்த சட்டம்தானே என்று இதை ஒதுக்க நாம் தயாரில்லை. நெருக்கடி இல்லாமல் ஆதிக்கம் எப்போது இறங்கி வந்திருக்கிறது?

கிரிமியப் போர் முடியும் தறுவாயில், 1856 பிப்ரவரி 18 அன்று இரண்டாவது ஆணை வந்தது. அதில் ஒரு விதியை நாம் நின்று வாசிக்க வேண்டும். மதம், மொழி, இனம் காரணமாக ஒரு பிரிவினரைத் தாழ்த்திக் குறிக்கும் சொற்கள் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும். அதிகாரிகளும் பொதுமக்களும் அப்படிப்பட்ட இழிசொற்களைப் பயன்படுத்தக் கூடாது. வசைச்சொல்லே பெயராகிப்போன வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் கனம் புரியும்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் முக்கியமானது. முன்னோர் ரத்தம் சிந்திப் பெற்றதை இழந்தோம் என்று முஸ்லிம்களில் பலர் புலம்பினார்கள் என எழுதுகிறார், அக்காலத்தின் சட்ட அறிஞரும் வரலாற்றாசிரியருமான அகமது ஜெவ்தெத் பாஷா. கூடவே இன்னொன்றையும் பதிவு செய்கிறார்: கிரேக்கக் கிறிஸ்தவர்கள் சிலருக்கும் மனக்குறை. முஸ்லிம்கள் மேலே இருந்ததை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். யூதர்களோடு சமமாக்கப்பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கிருந்தது சாதியல்ல, மதம் மாறினால் அந்தப் படியைத் தாண்ட வழியிருந்தது. ஆனாலும் அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயரிட்டதன் சாயலை நாம் இங்கே காணாமல் இருக்க முடியாது.

அந்த ஆணையை எழுதியவர்களைவிட ஆழமாகப் படித்தவர்கள் லெபனான் மலையின் உழவர்கள். கிஸ்ரவான் பகுதியில் நிலமும் அதிகாரமும் காசின் குடும்பத்து ஷேக்குகளிடம் இருந்தன. ஷேக்கும் உழவரும் ஒரே மரோனைட் கிறிஸ்தவர்கள். மதங்களுக்கிடையே சமத்துவம் என்றுதான் அரசு சொன்னது. அப்படியானால் ஷேக்கும் நாங்களும் சமமில்லையா என்று உழவர்கள் கேட்டார்கள். கட்டாயக் காணிக்கைகளை ஒழிக்கச் சொன்னார்கள். 1858-இல் கிளர்ச்சி மூண்டது. கோவேறு கழுதைகளோடு பிழைத்த தன்யூஸ் ஷாஹீன் என்ற எளிய மனிதர் தலைவரானார். ஷேக்குகள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். நிலமும் விளைச்சலும் கைப்பற்றப்பட்டன. சமத்துவம் பேசிய அரசின் கண்ணுக்கு இவர்கள் வெறும் கலகக்காரர்கள்.

இந்தக் கிளர்ச்சியை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 1860-இல் மலையெங்கும் மரோனைட்டுகளுக்கும் துரூசுகளுக்கும் இடையே போர் வெடித்து ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, ஷாஹீனும் கிறிஸ்தவர்களின் காவலராகத் தன்னைக் காட்டிக்கொண்டார். உழவர் கேட்ட கேள்வி மதச் சண்டையில் அமுங்கியது. ஆனால் முற்றாக அழியவில்லை. 1861-இல் லெபனான் மலைக்கென இயற்றப்பட்ட ஆட்சிச் சட்டம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றும் நிலக்கிழார்களின் தனிச்சலுகைகள் ஒழிந்தன என்றும் எழுதியது. ஷேக்குகளை எதிர்த்து உழவர்கள் எழுந்திராவிட்டால் அந்த வரியை எழுத யாருக்கும் அவசரம் இருந்திருக்காது என்றே நாம் கருதுகிறோம்.

அடிமைகளுக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. இஸ்தான்புல் அடிமைச் சந்தை 1840-களிலேயே மூடப்பட்டது. விற்பனை தனி வீடுகளுக்குள் இடம் மாறியது. 1857-இல் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைத் தடைசெய்த ஆணை, மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸுக்கு விலக்களித்தது. வணிகத்தைத் தடுக்க அடுத்தடுத்து ஆணைகள் வந்தன. வாங்கி வைத்திருந்தவர்களின் உரிமையை அவை தொடவில்லை. குல்ஹானேயில் மானத்துக்குப் பாதுகாப்பு வாசிக்கப்பட்ட பிறகும் பல பத்தாண்டுகளுக்குப் பெரிய வீடுகளின் சமையற்கட்டுகளில் விலைக்கு வாங்கப்பட்ட பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.