தீவக மக்களின் இராவுணவு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வார் உளர். இக்கருத்தில் அறிஞர் யாவரும் உடன்பட்டிலர். எனினும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் மணிமேகலைக்குக் கிடைத்தது என்னும் கதை நயினாதீவு மக்களின் நினைவில் ஆழப் பதிந்துள்ளது. நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வரும் அடியார்க்குச் சோறிடும் அன்னதான மண்டபமும் அப்பாத்திரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அக்கதையில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. பாத்திரம் கையிற் கிடைத்ததும் சோறு சுரந்துவிடவில்லை. ஆதிரை என்னும் இல்லக்கிழத்தி தன் வீட்டில் ஆக்கிய சோற்றை முதற்பிச்சையாக இட்ட பின்னரே சுரந்தது. ஊருக்குச் சோறிட்ட பாத்திரம் புகழ்பெற்றது. அதற்கு முதற் சோறு ஆக்கிய அடுப்பு புகழ்பெறவில்லை.

வரலாற்றேடுகளின் நிலையும் இதுவே. நயினாதீவிற் கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் பற்றியும், உடைந்த மரக்கலங்களின் யானை, குதிரை, பண்டங்கள் ஆகியவற்றில் அரசுக்குரிய பங்கு பற்றியும் விதி கூறுகின்றது. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரான ஹார்லெமின் பெயரை இட்டனர். ஆயின் பொழுது சாய்ந்ததும் இத்தீவின் அடுப்புகளில் என்ன வெந்தது, அதனை ஆக்கும் நேரம் யாருக்கு இருந்தது என்பன பற்றிச் சாசனம் எதுவும் கூறுவதில்லை. அவ்வினாவுக்கு விடை தேடுமிடத்துத் தீவக வாழ்வின் பொருளாதார அடிப்படை தெளிவாகப் புலப்படுகின்றது.

தீவகத்தின் நிலம் நெல்லுக்கு உகந்ததன்று. ஆறு இல்லை, கிணறுகள் பலவற்றில் நீர் உவர், மாரி மழையை நம்பி ஆண்டுக்கொரு முறை விளையும் நெல் ஆண்டு முழுவதற்கும் போதாது. பிரித்தானியராட்சியில் யாழ்ப்பாணத்தார் உண்ட அரிசியிற் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. எனவே பகலில் ஒருவேளை சோறு, இரவில் மாவினால் ஆக்கிய உணவு என்னும் வழக்கம் வேரூன்றியது. அரிசிமா, குரக்கன்மா, ஒடியல்மா என்பன அவற்றுள் முதன்மையானவை.

நிலத்தின் வறுமை மக்களின் தொழிலையும் மாற்றியது. 20 ஆம் நூற்றாண்டிற் புங்குடுதீவு, நயினாதீவு முதலான இடங்களைச் சேர்ந்த ஆடவர் பலர் கொழும்பிலும் பிற தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தும், கடைகளிற் சிப்பந்திகளாக இருந்தும் பொருளீட்டினர். அவர்கள் ஊருக்கு வருவது திருவிழாவுக்கும் பொங்கலுக்குமாக இருந்தது. வீட்டில் எஞ்சியிருந்த தாய்மார் பிள்ளைகளையும் முதியோரையும் பேணினர், நன்னீர்க் கிணற்றிலிருந்து நீர் சுமந்தனர், ஆடுமாடுகளைப் பார்த்தனர். மாலையில் அவர்களுக்கு எஞ்சியது சிறு பொழுதே. விளக்கெண்ணெயைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய வீட்டிற் பிள்ளைகள் உறங்குமுன் அடுப்பு அணைய வேண்டும். எனவே விரைவில் ஆகும் இராவுணவு என்பது இக்காலத்து அலுவலகக் குடும்பங்களுக்கு மட்டுமே உரிய தேவையன்று.

அத்தேவையை நிறைவேற்றியது பனை. ஆவணி, புரட்டாதியிற் பாத்தியிடப்பட்ட பனங்கொட்டைகள் தை, மாசியிற் கிழங்காகும். கிழங்கைக் கிண்டியெடுத்து, தோலுரித்து, நெடுக்காகக் கிழித்து, பங்குனி வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். நன்கு உலர்ந்த ஒடியல் மாதக்கணக்கிற் கெடாது. அதனை உரலில் இடித்து, அரித்து மாவாக்குவர். அம்மாவுக்கு இயல்பாகவே கைப்பு உண்டு. சமைக்குமுன் நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்து, மீண்டும் நீர் வார்ப்பது தீவகப் பெண்களின் வழமை. பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்மாவில் நச்சுத்தன்மையுடைய கூறுகளும் உண்டென்று விலங்குகள் மீதான சோதனைகளாற் கண்டனர். அதனை நோக்குமிடத்து, ஊறவிட்டு வடித்தல் வெறும் நாச்சுவை கருதியதன்று என்று கருத இடமுண்டு.

இவ்வாறு ஆயத்தமாயிருந்த மாவைக் கொண்டு மாலையில் உணவாக்குவது எளிதாயிற்று. பிழிந்த மாவிற் தேங்காய்ப்பூக் கலந்து நீற்றுப்பெட்டியில் அவித்தால் ஒடியற் புட்டு. அன்று வலையிற் பட்ட சிறுமீன், நண்டு, இறால் ஆகியவற்றோடு முருங்கையிலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று அகப்பட்டவற்றை ஒரே பானையிற் கொதிக்கவிட்டு, செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து, ஒடியல்மாவைச் சேர்த்தாற் கூழ். மாவும் மீனும் இலைக்கறியும் ஒரே பிளாவிற் பிள்ளையின் கைக்கு வந்தன. ஒரு பானை, ஓர் அடுப்பு. தனித்தனிக் கறிகள் வேண்டியதில்லை. உடலுக்கு வேண்டிய பலவகைச் சத்தும் ஒருங்கே அமைந்த உணவு அது.

ஆயினும் அதன் விரைவு அந்த மாலையிற் பிறந்ததன்று. கிழங்கு கிண்டிய நாளும், வெயிலிற் காவலிருந்த நாளும், உலக்கை பிடித்த நாளும் சேர்ந்தே அம்மாலையின் நேரத்தைச் சுருக்கின. பெண்களின் உழைப்பே பானையிற் சேமிக்கப்பட்டிருந்தது. வசதி படைத்த வீடுகளில் அவ்வுழைப்பு வேறொருத்தியின் கூலியுழைப்பாக இருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. பழைய உணவைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் சுவையைப் பேசுவர், உலக்கையைப் பேசுவதில்லை.

1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு தடைப்பட்டது. நாடெங்கும் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. ‘அமெரிக்கன் மா’ என்ற பெயருடன் அது தீவகத்து அடுக்களையிலும் புகுந்தது. போர் முடிந்த பின்னும் அது அகலவில்லை. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. அரிசி விலை அரசாங்கத்தையே அசைக்கவல்லதாயிருந்த அக்காலத்திற் கோதுமை மா ஏழைக் குடும்பங்களுக்குத் துணையாயிற்று. தாய்மார் அதனை அப்படியே ஏற்கவுமில்லை. துணியிற் கட்டி அவித்து, கட்டியுடைத்து, அரிதட்டில் அரித்து, வறுத்த அரிசிமாவுடன் கலந்து, தம் பழைய புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்றதாக்கினர். ஒருநாள் அவித்த மா சில நாள்களின் இரவுகளுக்கு உதவியது. சொதியும் சம்பலும் சேர்ந்தால் இராவுணவு நிறைவுற்றது. காலப்போக்கிற் பாண் அவ்வேலையையும் குறைத்தது.

கோதுமை மாவும் பாணும் பரவியமைக்கு நாகரிக மோகமும் பெண்களின் சோம்பலுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. துணைவன் தொலைவிலிருக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பி, வீட்டைத் தனித்து நடத்தியவள் உலக்கையிலிருந்து விடுதலை தரும் பொருளை ஏற்றமை இயல்பே. பிழை அவளது தேர்விலன்று; அத்தேர்வுக்கு அவள் செலுத்த நேர்ந்த விலை வேறிடத்தில் இருந்தது. ஒடியல் முற்றத்தில் உலர்ந்தது. கோதுமையோ கடல் கடந்து வந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிற் கோதுமையும் எண்ணெயும் விலையேற, பங்கீடு குறைந்து பாணுக்கு வரிசை நீண்டது. மரவள்ளியும் ஒடியலும் மீண்டும் மதிப்புப் பெற்றன. 1979 இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. 1980 இல் திருகோணமலையிற் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் அங்கு அரைபட்டது இறக்குமதிக் கோதுமையே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மா, பாண், எரிவாயு, மண்ணெண்ணெய் அனைத்தும் ஒருங்கே அரிதாகியபோது இச்சார்புநிலை மீண்டுமொருமுறை வெளிப்பட்டது.

1990 இன் பின்னர் போர் தீவகத்தாரிற் பெருந்தொகையினரை இடம்பெயர்த்தது. குடாநாட்டுக்கும், பின்னர் கனடா, பிரான்ஸ், பிரித்தானியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் அவர்கள் சென்றனர். அங்கு தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் மாலைப்பொழுது மேலும் சுருங்கியது. வறுத்த அரிசிமா பொதியிற் கிடைக்கின்றது. அவித்த இடியப்பம் தமிழ்க் கடையிற் கிடைக்கின்றது. ஒடியல்மாவும் அவ்வாறே விலைக்கு வருகின்றது. உழைப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியுள்ளது. எங்கோ ஒரு கூடத்தில் யாரோ ஒருத்தி கூலிக்கு மா வறுக்கின்றாள், இடியப்பம் பிழிகின்றாள்.

ஆகவே விரைவான உணவின் வரலாறு உண்மையில் உழைப்பை யார், எப்போது, எங்கே செய்தனர் என்பதன் வரலாறே. முற்றத்தில் உலர்ந்த ஒடியலும், கப்பலில் வந்த கோதுமையும், பொதியிலடைத்த மாவும் ஒரே மாலைத் தேவைக்கு வெவ்வேறு காலங்கள் அளித்த விடைகள். முதலாவது பெண்ணின் உடலுழைப்பை வேண்டியது. இரண்டாவது அந்நியச் சந்தையை நம்பியது. மூன்றாவது முகந்தெரியாத கூலியை நம்புகின்றது. இன்று பனம்பொருள்களைப் பேணவேண்டும் என்ற குரல் வலுப்பெற்றுள்ளது. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் அதன்பொருட்டே தோன்றியது. அக்குரல் மரத்தை மட்டும் காப்பதோடு அமையாது, மாவாக்கும் கைகளின் சுமையைக் குறைத்து, அவற்றுக்குரிய கூலியையும் வழங்க வேண்டும். அவ்வாறன்றிப் பழைய உணவுக்குத் திரும்புக என்பது, உலக்கையை மீண்டும் அதே பெண்ணின் கையிற் கொடுப்பதாகவே முடியும்.