ஒற்றியூர்க் கடற்கரையும் மணற்கணக்கும்

திருவொற்றியூர் என்னும் திருப்பெயர்க்குப் பெரியோர் உரைக்கும் காரணங்களுள் ஒன்று, ஊழிப் பெருவெள்ளம் இறைவன் ஆணையால் ஒற்றி, அஃதாவது விலகி, நின்ற இடம் என்பது. ஆதிபுரி என்னும் பெயரும் இவ்வரலாற்றொடு பொருந்துவதே. கடல் விலகிய ஊரெனப் பெயர்பெற்ற இத்தலத்தின் கரையைக் கடல் நூறாண்டுக்கு மேலாக அரித்துத் தின்றுவந்திருக்கின்றது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். சமயத் திங்களிதழில் மணலாராய்ச்சி எற்றுக்கு என வினவும் அன்பர், பட்டினத்தடிகள் சமாதி கொண்டருளியது அக்கடற்கரையிலேயே என்பதை நினைவு கூர்வாராக.

சோழமண்டலக் கரையின் மணல் ஓரிடத்து நிலைத்திருப்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கு நோக்கி உந்துகின்றன. வாடைக் காலத்தில் அது தெற்கு நோக்கித் திரும்புகின்றது. இரண்டினையும் கழித்துப் பார்ப்பின், ஆண்டுதோறும் வடக்கே செல்லுவதே மிகுதி. கரை நிலைபெற்றதுபோல் தோன்றுவது, சென்ற மணலுக்கு ஈடாகத் தென்பாலினின்று புதுமணல் வருதலாலேயாம். வந்த மணலைக் கரைமேற் பிணித்து வைப்பன அடும்பங்கொடியும் தாழையும். நெய்தல் பாடிய பண்டைப் புலவர் அவற்றை மறந்திலர். பின்வந்த பொறியாளர் மறந்தனர்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. மரக்கலங்கள் கரைக்கு எட்டத்தே நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே அலையைக் கடந்து பண்டங்களைக் கரை சேர்த்தன. 1875-ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுள் நீண்ட இரண்டு கற்சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கிய வாயிலை மணல் தூர்க்கவே, அதனை அடைத்து வடகிழக்கில் வேறு வாயில் வகுத்தனர். சுவருக்கு நீளமும் அகலமும் ஆழமும் நுணுகிக் கணித்தவர், அச்சுவரால் தடையுறும் மணல் எங்குச் சேரும், அதனை இழக்கும் கரை யாதாகும் என்பதற்குக் கணக்கு வைத்திலர்.

தெற்கினின்று வந்த மணல் தென்சுவரில் தடையுண்டு குவிந்தது. முன்னாளிற் கோட்டைக்கு அணித்தாக அலையடித்த கரை அகன்று விரிந்தது. இன்று மெரீனாவில் உலாவுவார் மிதிப்பது பெரிதும் அம்மணலே. வடபால் நிகழ்ந்தது இதற்கு மாறு. மணல் வரவு நின்றது, செலவு நின்றிலது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வரிசையாகக் கரை தேய்ந்தது. குப்பத்து மீனவர் வலை உலர்த்திய இடத்தையும், பின்னர் வீட்டையும் இழந்தனர். செய்தவனே வினைப்பயனை நுகர்வான் என்பது நம் சித்தாந்தம். ஈண்டோ துறைமுகத்தால் ஊதியம் பெற்றவர் ஒருவர், நிலம் இழந்தவர் வேறொருவர்.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கரையோரம் குவித்தனர். அதற்கும் அளவு உண்டு. அலையின் உயரம் இருமடங்காயின், அதனைத் தாங்கும் கல்லின் எடை எண்மடங்காதல் வேண்டும் என்பது பொறியாளர் கொள்ளும் விதி. ஆகலின் அமைதிக் காலத்து அலையை நோக்கி இட்ட கல் புயற்காலத்தில் உருண்டோடும். பெருங்கல்லின் கீழ்ச் சிறுகல் அடுக்கு இராவிடின், அலை அடிமணலை உறிஞ்ச, சுவர் தானே அமிழும். நன்கமைந்த சுவரும் தன் பின்னுள்ள நிலத்தைக் காக்குமேயன்றி முன்னுள்ள மணலைக் காவாது. மோதி மீளும் அலை அதனைப் பின்னும் பறிக்கும்.

இந்நூற்றாண்டில் இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே, மக்கள் தூண்டில் வளைவு என வழங்கும் கற்சுவர்கள் கடலுள் நீட்டப்பட்டன. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, வளைவின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருத்தல் பொதுவிதி. இடை மிகின் நடுக்கரை அரிக்கும். குறையின் பொருள் வீணாம். இவற்றால் மணல் மீளச் சேர்ந்த இடங்களும் உள. ஆயினும் கடைசி வளைவுக்கு வடபால் உள்ள கரைக்கு யார் ஈடு செய்வது? எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் தொழிற்படத் தொடங்கிய பின்னர், அரிப்பு அதற்கும் வடக்கே பழவேற்காடு நோக்கிப் பெயர்ந்தது.

கரைமணல் மழைநீரை உண்டு அடியில் நன்னீராகத் தேக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உவர்நீர் அணுகாது என்பது ஐரோப்பிய அறிஞர் கண்ட கணக்கு. மேலே ஓரடி இறைத்துக் குறைப்பின், கீழே உவர் நாற்பதடி ஏறுதற்கு வழியாயிற்று. மீஞ்சூர்ப் பக்கத்தில் ஆலைகளுக்கும் நகருக்குமாக மிகுதியாக இறைத்தமையால் உவர்நீர் நிலத்துள் நெடுந்தொலைவு புகுந்தது. சென்னைப் பகுதியின் நிலத்தடி நீரை வரையறுக்கும் சட்டம் 1987-இல் வந்தது.

நம் முன்னோர் இவற்றில் எங்ஙனம் ஒழுகினர்? முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனம் (921) ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தெரிந்தெடுக்க விதிக்கின்றது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர் உறவினரும் தெரிந்தெடுக்கப்படார். கரையின் உயரத்தையும் மதகின் அளவையும் காட்டிலும் இக்கணக்கு விதியே ஏரியைக் காத்தது என்பது அடியேன் கருத்து.

கடலுக்கு இவ்விதி பொருந்தாது என்பாரும் உளர். விசாகப்பட்டினத்தைக் காண்க. 1933-இல் திறந்த அத்துறைமுகத்தில், பழைய கப்பல்கள் இரண்டினை அமிழ்த்தி அலைதடுப்பாக்கி, அதன் மறைவில் தங்கும் மணலை வாரி வடகரைக்கே செலுத்த ஏற்பாடு செய்தனர். தான் தடுத்த மணலைத் தானே கொடுத்துக் கணக்கு நேர்செய்தல் அது. சென்னைத் துறைமுகத்தை வகுத்த நாளில் அத்தகைய ஏற்பாடு உடன் அமைக்கப்பட்டதன்று.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை காணச் செல்லும் அன்பர், அங்ஙனமே கீழைக்கரைக்கும் சென்று பட்டினத்தடிகளை வணங்கி, கரையிற் கிடக்கும் கருங்கற்களுக்கு அப்பால் மணல் எத்துணை உளதென ஒருகால் நோக்குவாராக.