மலாக்கா வழியாகப் போன டிராகன்

தாக்குதல் 3000, தற்காப்பு 2500. யூ-கி-ஓவின் நீலக்கண் வெள்ளை டிராகனுக்கு உரிய இந்த எண்கள் என் வயதுக்காரர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. புக்கிட் ரம்பாயில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கு 40 சீட்டு, 8000 உயிர்ப்புள்ளி என்று ஆட ஆரம்பித்தால் பெரியவர்கள் இரண்டு குறை சொல்வார்கள். “இது ஜப்பான்காரன் சாமான்.” “சீட்டுன்னாலே சூதுதான்டா.” பழைய கட்டை எடுத்து இப்போது மறுபடி ஆடும்போது, இரண்டையும் வரலாற்றில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஜப்பான்காரன் சாமான்தானா? போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1543இல் ஜப்பானை எட்டினார்கள். பிறகு கோவாவிலிருந்து மக்காவ், நாகசாகி போன வணிகக் கப்பல்கள் நம் துறைமுகத்தைத் தொட்டுத்தான் போயின. பிரான்சிஸ் சேவியர் அஞ்ஜிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்ததும் 1547இல் இங்கேதான். மதமும் துப்பாக்கியும் போன அதே தடத்தில் மாலுமிகளின் சீட்டுக்கட்டும் போனது. ஜப்பானியர் சீட்டைக் ‘கருதா’ என்கிறார்கள். போர்த்துகீசிய ‘கார்த்தா’தான் அது. அந்தக் காலத்துப் போர்த்துகீசியக் கட்டில் 48 சீட்டு, ஏஸ் சீட்டுகளில் டிராகன். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் அதைப் படியெடுத்துவிட்டார்கள், டிராகனையும் சேர்த்து.

அடுத்தது சூது. அதே காரணத்தைச் சொல்லி ஜப்பானிய ஆட்சியாளர்களும் சீட்டைப் பல தடவை தடை செய்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை, படம்தான் மாறியது. எண்ணே இல்லாமல், 12 மாதங்களுக்கு நான்கு நான்காகப் பூப்படம் போட்ட ‘ஹனஃபுடா’ வந்தது. கணக்குப் போட்டால் அதே 48. நிண்டெண்டோ 1889இல் கியோத்தோவில் கடை திறந்தது இந்தப் பூச்சீட்டை விற்கத்தான்.

ஏஸ் டிராகனின் நேர்வாரிசு நீலக்கண் டிராகன் என்று சொல்ல மாட்டேன். யூ-கி-ஓவுக்கு நேர் முன்னோடி, கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’. கசுகி தகாஹாஷி 1996இல் தொடங்கிய சித்திரக்கதையில் இந்தச் சீட்டாட்டத்துக்கு முதலில் வைத்த பெயரே ‘மேஜிக் அண்ட் விசார்ட்ஸ்’. கொனாமி 1999இல் அதை நிஜச் சீட்டாக்கியது. ஆனால் படச்சீட்டை வைத்து ஆடுவது ஜப்பானில் அதற்குள் நானூறு வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் போன பாதையில் மலாக்கா இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 1511 என்றால் ‘மலாக்கா வீழ்ந்தது’ என்று மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதோடு நம் கதை முடிந்து, மிச்சமெல்லாம் அடுத்தவன் வரலாறு போல ஆகிவிடுகிறது. அது சரியில்லை. போர்த்துகீசியர் பெண்டஹாராவாக அமர்த்திய நைனா சத்து நம் கரையிலிருந்து வந்த வணிகர். அவர்களோடு கூட்டுச் சேர்ந்து கப்பல் அனுப்பியவர். துறைமுகம் கை மாறிய பிறகும் நம்மவர்கள் அங்கே சரக்கு ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும்தான் இருந்தார்கள்.

இனி யாராவது “ஜப்பான்காரன் சாமான்” என்று சொன்னால், “ஆமா, நம்ம ஊரு வழியாத்தான் போச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுக்கலாம்.