கடைசற் சிமிழ்

கடைசற் சிமிழ் என்பது, சுழலும் மரத்துண்டின்மேல் உளியை ஊன்றிப் பிடித்துப் புறவடிவத்தை உருட்டியெடுத்த பின்னர், அதன் வாய் வழியாகவே உட்புறத்தையும் குடைந்து, மூடி பொருத்தி, அரக்கு வர்ணம் ஏற்றி முடிக்கப்படும் அலங்காரப் பாத்திரமாகும். குங்குமமும் விபூதியும் வைத்துக்கொள்வதற்கென்று தென்னிந்திய இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் இச்சிறு பொருளில் கடைசல் தொழிலின் சகல நுட்பங்களும் அடங்கியிருக்கின்றன. பம்பரமும் கட்டிற்காலும் கடையத் தெரிந்தவனைத் தொழில் கற்றவன் என்றால், சிமிழ் கடையத் தெரிந்தவனையே தேர்ந்தவன் என்று சொல்லவேண்டும். பம்பரத்தில் உளி செய்கின்ற வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. சிமிழிலோ பாதி வேலை இருட்டில் நடக்கிறது.

தயிர் கடைவதற்கும், அரணியில் தீக்கடைவதற்கும், மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் வழங்குவது காரணமற்றதன்று. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறிமாறி இழுப்பது போலவே, பழைய கடைசற் பட்டறையிலும் மரத்தைத் தாங்கும் தண்டில் கயிற்றைச் சுற்றி, உதவியாள் ஒருவர் இழுத்தோ, வில்லின் நாணாக அதைப் பூட்டி முன்னும் பின்னும் தள்ளியோ சுழற்றுவர். மரம் உளியை நோக்கி வரும் பாதிச் சுழற்சியில் மட்டுமே வெட்டு விழும். மறுபாதியில் உளியை மயிரிழை விலக்கிக்கொள்ள வேண்டும். மின்சார மோட்டார் வந்தபின் சுழற்சி ஒரே திசையில் இடையறாது நிகழ்கிறது. உளி பிடித்த கையின் பொறுப்பு அதனால் எள்ளளவும் குறைந்துவிடவில்லை.

இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்காவும், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையிலுள்ள சென்னபட்டணமும் முதன்மையானவை. நம் திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆந்திர, கன்னடக் கைவினைஞர் இருசாராரும் பரம்பரையாக உபயோகித்துவருவது ஒரே மரம்: தெலுங்கர் அங்குடு என்றும் கன்னடர் ஆலெ மரம் என்றும் கூறும் அதனைத் தமிழர் வெட்பாலை என்பர். இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவிட்டு வெயிலில் வைத்துத் தைலமெடுக்கும் சித்த வைத்தியத்தால் நம்மவர்க்கு அம்மரம் பழகியதே. அதன் கட்டை தந்தம்போல் வெளுத்தது, நெருங்கிய நாருடையது, உளிக்கு இசைவது, அரக்கை நன்கு பற்றிக்கொள்வது.

மரத்தை வெட்டியவுடனே கடைந்து முடித்துவிடலாகாது. ஈரம் வற்றும்போது கட்டை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிக அற்பம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் உண்டாகிறது. ஆகையால் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த வாய் உலர்ந்தபின் நீள்வட்டமாகி, மூடி பொருந்தாமற் போகும். கட்டையை நிழலில் நன்கு உலர்த்திக்கொள்வதே சிமிழுக்கு ஏற்ற முறை.

குடையும் வேலைக்கு, மரத்தின் ஒரு முனையை மட்டும் பட்டறையின் தலைப்பில் இறுகப் பற்றவைத்து, மறுமுனையைத் திறந்து விடுவர். நார் அச்சின் நீளவாக்கில் ஓடுமாறு கட்டை அமைந்திருக்கும். முதலில் வேண்டிய ஆழம்வரை நடுவே துளையிட்டு, அத்துளையிலிருந்து வெளிநோக்கி உளியைச் செலுத்திச் சிறிது சிறிதாக அகலப்படுத்துவர். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெட்டினால் நார்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், எதிர்த்து வெட்டினால் பிய்ந்துபோகும். வாய் அகன்றதாயின் இவ்வளவும் எளிது. வாய் குறுகி வயிறு பருத்த கலமாயின், நேரான உளி அதன் தோள்பட்டையின் உட்புறத்தை எட்டாது. நுனி வளைந்த உளி வேண்டும். அவ்வுளி, அதை ஊன்றிப் பிடிக்கும் தாங்கியிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே நீள்கிறதோ அவ்வளவுக்கு மரத்தின் உதைப்பு கைப்பிடியில் பெருகும். வளைந்த நுனியோ தண்டைத் திருகிப் புரட்டப் பார்க்கும். ஆதலால் வளைவைத் தாங்கியின்மேல் படவிடாமல், தண்டின் நேரான பகுதியையே அதன்மேல் கிடத்திப் பிடிப்பர்.

உள்ளே நடப்பதைக் கண் காணாதபோது காது காண்கிறது. சுவர் மெலிய மெலிய உளி எழுப்பும் ஒலி மாறிக்கொண்டே வரும். தேர்ந்த கைவினைஞன் அம்மாற்றத்தைக் கொண்டே எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறது என்று அறிந்து, கனம் அளக்கும் அளவுகவையை இட்டு அதை உறுதிசெய்துகொள்வான். மேற்புறச் சுவரை முற்றும் முடித்த பின்னரே கீழே இறங்க வேண்டும்; அடியில் கனம் இருக்கும்வரைதான் கலம் அதிராமல் நிற்கும், மெலிந்த சுவரில் மீண்டும் உளியை வைத்தால் அது நடுங்கிப் பிளந்துவிடும். சீவல்கள் உள்ளே அடைந்து நெருக்காதபடி இடையிடையே பட்டறையை நிறுத்தி அவற்றை வெளியேற்றுவதும் அவசியம்.

மூடியை வேறு மரத்தில் செய்வது சரியன்று. ஒரே கட்டையிலிருந்து மூடிக்குரிய தலைப்பகுதியை அறுத்தெடுத்து, அதன் உட்குழிவை முதலில் கடைந்து, அக்குழிவுக்கு இறுக்கமாகச் சேரும்படி உடலின் வாய்க்கட்டை அமைத்து, மூடியை அதன்மேல் பொருத்திய நிலையிலேயே இரண்டையும் சேர்த்து மேலே கடைவர். நாரின் கோடு மூடியிலிருந்து உடலுக்குத் தடையின்றி ஓடுவதும், பருவநிலைக்கேற்ப இரண்டும் ஒருசேரச் சுருங்கி விரிவதும் இதனால்தான்.

வர்ணம் ஏற்றும் முறை இத்தொழிலின் தனி விசேஷம். தூரிகையும் இல்லை, எண்ணெயும் இல்லை. பலாசம், பூவம், இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசினாகிய அரக்கை உருக்கி, நிறப்பொடி சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக்கி வைத்துக்கொள்வர். சுழலும் சிமிழின்மேல் அக்குச்சியை அழுத்தியவுடன், உராய்வின் வெப்பமே அதை இளக்கி மரத்தின்மேல் பரவச் செய்கிறது. பின்னர்த் தாழைமடலை அழுத்திப் பிடித்தால், அரக்கு மறுபடி இளகிச் சமனடைந்து கண்ணாடிபோல் மின்னும். மரம் சுழன்ற சுழற்சியிலேயே வர்ணமும் ஏறி மெருகும் ஏறுகின்ற இதனை, கைத்தொழில்களுக்குள் மிகச் செம்மையான உபாயங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

இடையில் சில காலம் இரசாயனச் சாயங்கள் இவ்வழகைக் கெடுத்தன. ஏட்டிகொப்பாக்காவில் சி. வி. ராஜு என்பார் மஞ்சள், அவுரி முதலிய தாவரச் சாயங்களை மீண்டும் அரக்கோடு சேர்க்கும் முறையைப் புதுப்பித்தார். அவ்வூர்ப் பொருள்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும், அவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. ஆனால் மரமின்றித் தொழில் இல்லை. வெட்பாலையை நட்டு வளர்ப்பதே இப்போது செய்யவேண்டிய முதற் காரியம்.

குறுகிய வாய் வழியாக உட்புறத்தைக் குடையும் பிரச்சினையை அமெரிக்காவிலும் வேறொரு நோக்கத்தோடு அணுகினார்கள். 1970-களில் டேவிட் எல்ஸ்வொர்த் என்னும் கலைஞர், தாமே வளைத்துச் செய்த உளிகளைக்கொண்டு, மிகச் சிறிய வாய் வழியாகப் பெரிய கலங்களின் உள்ளைக் குடைந்து, மெல்லிய சுவர் மட்டும் எஞ்சுமாறு செய்தார். அவர் பச்சை மரத்தையே கடைந்து, உலரும்போது ஏற்படும் கோணலையும் வடிவத்தின் அங்கமாக ஏற்றுக்கொண்டார். அக்கலங்கள் எதையும் இட்டுவைப்பதற்கானவை அல்ல. பார்வைக்கு மட்டுமே உரியவை. மூடியிட்டுக் குங்குமம் வைக்கும் நம் சிமிழில் அந்தக் கோணலுக்கு இடமில்லை.

சிமிழ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மேற்பூச்சின் பளபளப்பைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். மூடியைத் திறந்து, சுட்டுவிரலை உள்ளே விட்டு, விளிம்பிலிருந்து அடிவரை ஒருமுறை தடவிப் பாருங்கள். படியும் மேடும் தட்டாமல் விரல் வழுக்கிச் சென்றால், கொடுக்கும் விலைக்கு அந்தச் சிமிழ் தகும்.