இரட்டைப் பொறிகளும் கூட்டநடப்பெண்ணும்: இடையறாச் சேவையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒரு பொறி பழுதுறுமிடத்து அதன் பணியை மற்றொரு பொறி ஏற்று நடத்துமாறு அமைத்தல் கணனியியலின் பழைய வேட்கைகளுள் ஒன்று. மெய்நிகர் பொறிகளைத் தாங்கும் சேவையகங்கள் தொடர்பில் இன்று "உயர் கிடைப்புத்தன்மை" என வழங்கப்படும் ஏற்பாடு அவ்வேட்கையின் அண்மைக்கால வடிவமேயாகும். இதனை அமைக்கப் புகுவோருட் பலர், இரண்டாவது பொறியொன்றை வாங்கிவிட்டால் இடர் பாதியாகிவிடும் எனக் கருதுகின்றனர். வரலாறு காட்டும் உண்மை வேறு. இரண்டாவது பொறி வந்தவுடன் முன்னில்லாத வினாவொன்றும் உடன் வருகின்றது: இவ்விரண்டனுள் எது பழுதுற்றது என்பதைத் தீர்மானிப்பது யார்? இக்கட்டுரை அவ்வினாவின் வரலாற்றையே பின்தொடர முனைகின்றது.

1958 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய 'சேஜ்' எனும் வான்பாதுகாப்பு அமைப்பின் நிலையங்களில் ஐ.பி.எம். நிறுவனம் அமைத்த கணனிகள் இணையிணையாக வைக்கப்பட்டன. ஒன்று பணிபுரிய மற்றையது காத்திருந்தது. பல்லாயிரம் வெற்றிடக்குழாய்களாலான அப்பொறிகளிற் குழாய்கள் பழுதுறுவது இயல்பு. ஆதலின் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டியுங் குறைத்தும், நலிந்த குழாய்களை அவை செயலிழக்கும் முன்னரே கண்டுபிடித்து அகற்றினர். பழுது வரும்வரை காத்திராது அதனை வலிந்து வரவழைத்துப் பார்க்கும் இம்முறை, பின்வந்தோர் பலர் மறந்துவிட்ட ஒன்று.

1965 ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்துச் சக்கசன்னாவில் பெல் நிறுவனம் தனது முதலாவது பெரிய மின்னணுத் தொலைபேசி இணைப்பகத்தைத் திறந்தது. நாற்பது ஆண்டுகளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேற் சேவை தடைப்படலாகாது என்பது அதன் வடிவமைப்பாளர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இலக்கு. இரு கட்டுப்பாட்டகங்கள் ஒரே கட்டளைகளை ஒருங்கே நிறைவேற்றின, விடைகள் ஒப்புநோக்கப்பட்டன. ஆயின் விடைகள் முரண்படும்போது, முரண்பாடு உண்டு என்பது மட்டுமே தெரியவரும். பிழை எப்பக்கத்தது என்பது தெரியவராது. அதனை ஆராய்வதற்கெனத் தனியான நிரல்கள் எழுதப்படவேண்டியிருந்தது. இருவர் மாத்திரம் சாட்சி கூறும் வழக்கின் இடர்ப்பாடு இங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

மெய்நிகர் பொறி பிறந்தது இம்மரபிலன்று. ஐ.பி.எம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையத்தில் 1967 இற் பயன்பாட்டுக்கு வந்த சி.பி.-40, ஒரு கணனியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்துகொள்ளவும், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் கணனி உண்டெனக் கருதவும் வழிசெய்தது. 1972 இல் வி.எம்./370 அதனை வணிக உலகுக்குக் கொண்டுசென்றது. சிக்கனமே நோக்கமாக இருந்தது. எனினும், ஒரு பொறியின் முழு நிலையும் எண்களாக எழுதிவைக்கத்தக்கது என்ற கருத்து அதனுள் அடங்கியிருந்தது. அதன் பயனை உலகம் உணர முப்பது ஆண்டுகள் சென்றன.

இடைக்காலத்தில் இரு நிகழ்வுகள் முக்கியமானவை. 1974 இல் தொடங்கப்பெற்ற டான்டெம் நிறுவனம், 1976 முதல் விற்ற பொறிகளில், ஒரு செயல்முறை தனது நிலையைத் துணைச் செயல்முறைக்கு அவ்வப்போது அறிவித்து வருமாறு செய்தது. அந்நிறுவனத்தில் ஜிம் கிரே என்பார் 1985 இல் எழுதிய அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. டான்டெம் பொறிகள் நின்றமைக்கான காரணங்களை அவர் வகுத்தபோது, வன்பொருட் பழுதுக்கு உரியன 18 வீதமே. மென்பொருளுக்கு 25 வீதம். நிருவாகத்துக்கு, அதாவது இயக்குவோர், பராமரிப்போர், அமைப்போர் கைக்கு, 42 வீதம். இரட்டைப் பொறி காக்கவென வந்த இடர் முழுமையிற் சிறுபகுதியே என்பது இதனாற் பெறப்படும்.

மற்றையது, டிஜிற்றல் எக்குவிப்மன்ட் நிறுவனம் 1983 இல் அறிமுகஞ்செய்த 'வாக்ஸ்' கொத்தணி. பெல் பொறியியலாளர் எதிர்கொண்ட வினாவுக்கு இது நேரடியாகவே விடை கூறியது. எமது சங்கக் கூட்டங்களிற் கூட்டநடப்பெண் இன்றேல் தீர்மானம் நிறைவேறாது. அவ்வாறே அக்கொத்தணியின் உறுப்புகளுக்கு வாக்குகள் அளிக்கப்பட்டன. வேண்டிய வாக்குகளைத் தன்பாற் காணாத பிரிவு தன் பணியை நிறுத்தி வைக்கும். இரண்டே கணனிகள் உள்ளவிடத்து மூன்றாவது வாக்கு ஒரு தட்டுக்கு வழங்கப்பட்டது. உயிரோடிருந்தும் வாளாவிருக்க ஒரு பொறிக்குக் கற்பித்ததே இதன் சிறப்பு.

இவ்விரு மரபுகளும் 2000 ஆம் ஆண்டின் பின்னரே கலந்தன. வி.எம்.வெயர் நிறுவனம் 2003 இல், இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் பொறியை ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமலே மாற்றும் வசதியை வெளியிட்டது. 2005 இல் 'சென்' மென்பொருள் சார்ந்த ஆய்வாளர் இதன் நுட்பத்தை விரிவாக எழுதினர். நினைவகம் படியெடுக்கப்படும்போது மாறிய பக்கங்கள் மீளவும் படியெடுக்கப்பட்டு, இறுதியிற் கணநேரம் மட்டுமே பொறி நிறுத்தப்படும்; அவர்களது பரிசோதனையொன்றில் அவ்விடைவேளை 60 மில்லிசெக்கனாகச் சுருங்கியது. எமது கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றே இதனைக் கூறலாம். ஆயின் ஈண்டு ஒரு வேறுபாட்டை மாணவர் மயக்கமறத் தெரிந்துகொள்ளல் வேண்டும். உயிருள்ள உடலிலிருந்தே பாய இயலும். சேவையகம் திடீரெனச் செயலிழந்தால் நினைவகத்திலிருந்தவை அழிந்தொழியும். 2006 இல் அந்நிறுவனம் சேர்த்த உயர் கிடைப்புத்தன்மை வசதி செய்வதெல்லாம், பொதுச் சேமிப்பகத்திலுள்ள கோப்பைக் கொண்டு அப்பொறியை வேறிடத்திற் புதிதாகத் தொடக்குவதே. அது மறுபிறப்பு, பாய்ச்சலன்று.

மறுபிறப்பிலும் ஓர் அபாயம் உண்டு. இறந்ததாகக் கருதப்பட்டது உண்மையில் இறவாதிருப்பின், ஒரே உயிர் ஈருடலில் நின்று ஒரே தட்டில் எழுதும், தரவு சிதையும். இதயத்துடிப்பு எனும் சிறு செய்திகள் வாராமை சேவையகத்தின் மரணத்தாலும் நிகழலாம். வலையிணைப்பு அறுந்தமையாலும் நிகழலாம். வெளியில் நிற்போருக்கு இரண்டும் ஒன்றே. எனவேதான் கோப்புகளுக்குப் பூட்டும், ஐயத்துக்குரிய பொறியின் மின்னிணைப்பையே துண்டிக்கும் வேலியிடலும் இன்றியமையாதனவாயின.

அவ்வசதியின் முதல் வடிவங்களிற் பழுதாராய்ந்தோர் பட்ட பாடு தனியே எழுதத்தக்கது. சேவையகங்கள் ஒன்றையொன்று பெயராலேயே அறிந்தன. ஆகவே பெயர்ச் சேவையிலுள்ள சிறு பிழை கொத்தணி முழுவதையும் குலைத்தது. மேலும், ஐந்து சேவையகங்கள் மட்டுமே முதன்மை நிலையின. முதலிற் சேர்க்கப்பட்ட ஐந்தே அவை. அவ்வைந்தும் ஒரே பேழையில் அடுக்கப்பட்டிருந்து அப்பேழை மின்னிழப்பின், எஞ்சிய சேவையகங்கள் நலமே இருந்தும் எப்பொறியையும் மீளத் தொடக்கமாட்டா. அடுக்கிய ஒழுங்கை எவரும் எழுதிவைப்பதில்லையாதலின் காரணம் எளிதிற் புலப்படாது. 2011 இல் இவ்வமைப்பே மாற்றப்பட்டு, தலைமைச் சேவையகம் தேர்தலால் தெரிவுசெய்யப்படலாயிற்று. சேமிப்பகத்தின் வழியாகவும் இதயத்துடிப்பு அனுப்பப்படலாயிற்று.

வேலியிடலும் தவறக்கூடும். 2012 டிசெம்பர் 22 ஆந் திகதி கிற்ஹப் நிறுவனத்தின் வலையமைப்பு ஏறத்தாழ 90 செக்கன் உறைந்தது. இணைகளாயிருந்த கோப்புச் சேவையகங்கள் தத்தம் துணை இறந்ததென முடிவுசெய்து அதனை அணைக்கக் கட்டளையிட்டன. சில கட்டளைகள் சென்றடையவில்லை. வலையமைப்பு மீண்டதும் இரு பக்கமும் தாமே தலைமை எனக்கொண்டு ஒன்றையொன்று அணைத்தன. பல இணைகளில் இரண்டுமே நின்றன. எப்பொறியும் பழுதுற்றிருக்கவில்லை.

யான் அறிந்த நிறுவனமொன்றில் நிகழ்ந்ததை இவ்விடத்துக் கூறலாம். இரு சேவையகங்களை வாங்கி, நூல்கள் விதித்தவாறே மூன்றாவது வாக்குக்கென ஒரு சாட்சிப் பொறியையும் அமைத்தனர். செலவு கருதி அச்சாட்சியையும் மெய்நிகர் பொறியாகவே ஆக்கி, முதலாவது சேவையகத்தில் வைத்தனர். ஓராண்டு குறையேதுமில்லை. ஒருநாள் முதலாவது சேவையகம் அணைந்தது. சாட்சியும் உடன் அணைந்தது. இரண்டாவது சேவையகம், மூன்றில் ஒரு வாக்கே தன்பால் உள்ளதெனக் கண்டு, விதிப்படி வாளாவிருந்தது. அன்று மாலைவரை பிழையை வன்பொருளிலேயே தேடினோம். இரண்டாவது சேவையகத்தின் பதிவேட்டில் கூட்டநடப்பெண் இல்லை என்ற ஒரு வரி, காலை முதலே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது.